மூன்றாம் ஞாயிற்றின் பிடியரிசி

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல அழைக்கவில்லை. சாட்சியின் வேலை எளிது: கேட்க வேண்டும், கேட்டதை மறக்காமலிருக்க வேண்டும். ஒரு மண்டபம் நிறைந்த ஜனங்களுக்கு முன்னால் நான் ஒரு பொய்யைப் பேசினேன். அதை அழகாகப் பேசினேன். திருத்திப் பேசுவதற்கு அதே மண்டபத்தை இருமுறை கேட்டேன். முதல்முறை, கிறிஸ்து பிறப்புத் திருநாள் வேலைகள் நெருங்கிவிட்டன என்றார்கள். மறுவருஷம் கேட்டபோது, வேறு பேச்சாளரை ஏற்பாடு செய்தாயிற்று என்றார்கள். ஆகவே மேடையில் சொல்ல வேண்டியதைத் தாளில் சொல்கிறேன். அன்று அங்கே உட்கார்ந்து கை தட்டியவர்களின் இடத்தில் இன்று நீங்கள் சற்றே உட்காருங்கள். கைதட்டல் மட்டும் வேண்டாம்.

பர்மா அரிசி நின்றுபோய், ஒவ்வொரு வீட்டுக்கும் ரேஷன் கார்டு வந்துவிட்ட யுத்த வருஷம் அது. தூத்துக்குடியில் கடலை ஒட்டி, சங்கு குளிக்கிறவர்களும் தோணிக்காரர்களும் குடியிருக்கும் தெரு எங்களுடையது. என் தகப்பனார் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். வருஷத்தில் பாதி நாள் வீட்டிலிருக்க மாட்டார். நான் பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் முடித்துவிட்டுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். வயது இருபது. விவாதத்தில் எந்தக் கட்சியைக் கொடுத்தாலும் பேசி ஜெயிப்பவன் என்று கல்லூரியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதிகாலையில் கடற்கரையில் நின்று, அலைச் சத்தத்துக்கு மேலே என் குரல் எழும்வரை பேசிப் பழகிய குரல் இது. அந்தப் பெருமை இன்றும் முழுதாக என்னை விட்டுப் போய்விடவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் அடங்கியது ஆகமன காலம். கோவிலில் எங்கும் ஊதா நிறம் ஏறிவிடும். பலிபீடத்தில் பூ இராது. கல்யாணம் நடக்காது, பாண்டு வாத்தியம் உறையை விட்டு வெளியே வராது. மூன்றாம் ஞாயிறு ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அன்று சுவாமியார் ஊதாவை நீக்கி ரோஜா நிற உடையில் பூசை வைப்பார். அன்றைய லத்தீன் பூசையின் முதல் சொல்லே ‘மகிழுங்கள்’ என்பதுதான். பலிபீடத்தில் இரண்டு குவளைப் பூ வைக்க அன்று உத்தரவுண்டு.

லத்தீன் தெரியாத எங்கள் தெரு அந்தச் சொல்லுக்கு வைத்திருந்த மொழிபெயர்ப்பு பிடியரிசி. ஆகமனம் தொடங்கிய நாள்முதல் ஒவ்வொரு வீட்டிலும், உலையில் போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஓலைக் கொட்டானில் போட்டு வைப்பார்கள். உலையில் நாலு பிடிதான் இருக்கிறது என்றாலும் ஒரு பிடி கொட்டானுக்குப் போய்விடும். முதல் ஞாயிறு கழிந்ததும் பெண்கள் தெருக் குழாயடியில் நின்று ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருஷம் எந்த வீட்டு அடுப்பு அதிக நாள் பற்றாமல் கிடந்ததோ அந்த வீடு. மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வாசலில் அண்டா ஏறும். தெருவின் அரிசியெல்லாம் அந்த ஒரே அண்டாவில் கொதிக்கும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். அகப்பையைப் பிடிப்பவள் அந்த வீட்டுக்காரி. தெருவிலுள்ள அத்தனை பேருக்கும் அவளே பரிமாறுவாள். வருஷமெல்லாம் வாங்கின கை அன்று ஒருநாள் கொடுக்கும். எல்லாரும் உண்டபின் மற்றப் பெண்கள் அவளை உட்காரவைத்து அவளுக்குப் பரிமாறுவார்கள். இந்த முறையை யார் ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பிரசங்கத்திலும் இதைவிட மேலான ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் தேர்ந்தெடுக்கப்பட்டது எங்கள் எதிர்வீடு. நான் மதினி என்று அழைக்கும் பெண்ணின் வீடு. அவள் புருஷன் சங்கு குளிக்கிறவர். மாசி மாதத்தில் ஒருநாள் ஆழத்திலிருந்து மேலே வந்தபோது அவருக்கு இரண்டு காதிலும் ரத்தம். அதற்குப் பிறகு வள்ளத்தில் ஏறி நின்றால் தலை சுற்றி விழுந்துவிடுவார். தரையில் நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். மதினி மீன் ஏலம் போடும் இடத்தில் கூடை சுமந்தாள். அதுவும் இல்லாத நாட்களில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கிண்ணத்தில் சோறோ குழம்போ போகும். எங்கள் வீட்டுக் கிண்ணமும் போயிருக்கிறது. அது ஒருநாளும் வெறுங்கிண்ணமாகத் திரும்பியதில்லை. கழுவித் துடைத்த கிண்ணத்தின் அடியில் நாலு கல் உப்பாவது கிடக்கும். கொடுக்க வேறொன்றும் இல்லாதபோதும் கொடுக்காமல் இருக்கத் தெரியாதவள் அவள். பத்து மாதம் உப்பைக் கொடுத்துவிட்டு, சோற்றைக் கொடுக்கப் போகும் அந்த ஒருநாளுக்காக அவள் காத்திருந்தாள்.

அவள் காத்திருந்ததை நான் தினமும் கண்ணால் பார்த்தேன். இரவல் வாங்கிய அண்டாவைப் புளியும் மணலும் போட்டு இரண்டு முறை தேய்த்தாள். வாசற்சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு பூசினாள். ஆபீசுக்குப் போகிற என்னை நிறுத்தி, “ஏலே தம்பி, ஒனக்குத்தான் மொத அகப்பை. தின்னுட்டு என்னப் பத்தி இங்கிலீசுல ரெண்டு வார்த்த பேசணும், கேட்டியா” என்பாள். உள்ளேயிருந்து அவள் புருஷன், காது கேளாதவர்களுக்கே உரிய பெருங்குரலில், என்ன சொல்லுதான் என்று கேட்பார். அவள் சிரிப்பாள்.

எங்கள் கோவிலுக்கு உட்பட்ட பங்கில் படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். பெரிய வீதியைச் சேர்ந்த, சரக்குக் கிட்டங்கி வைத்திருந்த முதலாளி ஒருவர் அதன் தலைவர். எங்கள் தெருவிலிருந்து அதில் இடம்பெற்றவன் நான் ஒருவனே; என் குரலுக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் ஞாயிற்றுக் கூட்டத்தில், யுத்தகாலத்தில் மகிழ்ச்சியைப் பகிர்வது எப்படி என்று பேச்சு வந்தது. நான் எழுந்தேன். எங்கள் பிடியரிசியைப் பற்றிப் பேசினேன். கொட்டானையும் அண்டாவையும் அகப்பையையும் வருணித்தேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரை நான் ஒரு பரிசுக் கோப்பையைப் போல வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவர் சொன்னதன் சாரம் இது. இவ்வளவு உயர்ந்த வழக்கம் ஒரு தெருவுக்குள் அடைபட்டுக் கிடக்கலாகாது. உங்கள் தெருவும் பக்கத்து இரண்டு தெருக்களும் சேர்க்கும் பிடியரிசியைச் சங்கம் பெற்றுக்கொள்ளும். பெரிய வீதியில் நாலு முதலாளிகள் ஆளுக்கு ஒரு மூட்டை போடுவார்கள். மூன்றாம் ஞாயிறு பூசைக்குப் பின் மண்டபத்தில் வைத்துப் பங்கிலுள்ள ஏழைகள் எல்லாருக்கும் வழங்குவோம். பேருரையை நீர் ஆற்ற வேண்டும்.

அந்த மண்டபத்தின் மேடையில் சங்கு குளிக்கும் தெருக்காரன் ஒருவன் அதுவரை ஏறியதில்லை. சரி என்றேன். கேட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. சரி என்றே சொன்னேன்.

தெருப் பெண்களிடம் நான் பேசியதை இங்கே திரும்ப எழுத எனக்குக் கை கூசுகிறது. கொடுத்தது இரட்டிப்பாக வரும், மதினியின் அண்டா பொங்கி வழியும் என்றேன். அவர்கள் உடனே சம்மதிக்கவில்லை. என் தாயார்தான் வெளிப்படையாகச் சொன்னார்கள்: “அரிசி நம்ம கொட்டான்ல கெடக்க வரைக்கும்தான்லே அது நம்ம அரிசி. எதுக்கு அங்கன கொண்டு போறிய?” நான் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். எதற்கும் பதில் வைத்திருப்பதுதானே என் தொழில். கடைசியில் அவர்கள் கொடுத்தது என் வாதத்துக்காக அல்ல. அவர்கள் தூக்கி வளர்த்த பிள்ளை கேட்கிறான் என்பதற்காக. மதினி ஒன்றே ஒன்று கேட்டாள்: “ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள அரிசி வந்துரும்லா தம்பி? தெருவே இல போட்டு உக்காந்துரும்.” வந்துவிடும் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்தபோதே எனக்குச் சுருக்கென்றது. மேடையில் நாலு கைநாற்காலிகள். நாலு முதலாளிகள். பலிபீடத்துக்கு இரண்டு குவளைப் பூவே மிகுதி என்றிருக்கும் காலத்தில் அந்த நாலு கழுத்திலும் முழங்காலைத் தொடும் மாலைகள். பின்னால் ஒரு துணித்தட்டி. அதில் அவர்கள் பெயர்கள், அவற்றின் மேலே ‘மகிழ்ச்சிக் கொடையாளர்கள்’ என்று நீலத்தில் எழுத்து. திருநாள்வரை வாய் திறக்கக்கூடாத பாண்டு வாத்தியம் வாசலில் முழங்கிக்கொண்டிருந்தது. கீழே, எங்கள் தெருப் பெண்கள் ஒரு கயிற்றுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். முந்தானையை விரித்துப் பிடிக்கும்படி யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் தாயாரும் அந்த வரிசையில் நின்றார்கள். கொடுத்தவர்கள் அனைவரும் கயிற்றுக்குப் பின்னால், கீழே. கொடாதவர்கள் அனைவரும் மேலே.

கொடாதவர்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தது மூட்டையை அவிழ்த்தபோதுதான்.

கடை அரிசியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூட்டை முழுவதும் ஒரே நிறம், ஒரே பருமன். பிடியரிசி அப்படி இராது. ஒருத்தி ஏரல் சந்தையில் வாங்கிய சிவப்பரிசியைப் போட்டிருப்பாள், ஒருத்தி ரேஷன் புழுங்கலை, ஒருத்தி பச்சரிசியை, ஒன்றுமில்லாதவள் வெறும் நொய்யை. அடுப்புக்கு அடுப்பு வேறுபட்ட அரிசி ஒன்றாய்க் கலந்து, தூரத்திலிருந்து பார்த்தாலே காடைமுட்டைப் புள்ளிபோலத் தெரியும். பூச்சி விழாமலிருக்க எங்கள் பெண்கள் கொட்டானுக்குள் காய்ந்த மிளகாய் வேறு போட்டு வைப்பார்கள். மேடையில் அவிழ்த்தது மூன்று மூட்டை. மூன்றும் கலப்பரிசி. நடு மூட்டையின் மேலே இரண்டு வற்றல் மிளகாய்கள் சிவப்பாகக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கியெடுக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. கொட்டானுக்குள் என்ன இருக்கும் என்று அறியாத கைகள் அவை.

நான் தலைவரின் பக்கம் குனிந்து, நாலு முதலாளிகளின் மூட்டை எங்கே என்று கேட்டேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பை மாற்றாமலே சொன்னார்: “இப்போ கன்ட்ரோல் சட்டம்லா, மூட்டைய நகத்த பெர்மிட் வேணும். திருநாளைக்குள்ள பாப்போம். நீரு பேச்சை ஆரம்பியும்.”

இதை நான் எத்தனையோ முறை எனக்குள் வாதாடிப் பார்த்துவிட்டேன். எதிர்க்கட்சியின் வாதம் பலமானது. அரிசி களவு போகவில்லை. ஒரு மணிகூட எந்த முதலாளி வீட்டுக்கும் போகவில்லை. ஏழைகளிடமிருந்து வந்தது ஏழைகளிடமே போய்ச் சேர்ந்தது. அப்படியானால் குற்றம் எங்கே என்று கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள். என் பதில் இது: அந்தப் பெண்கள் பட்டினியிலிருந்து பிடுங்கிக் கொடுத்த ஒரு பிடியை, அதே பெண்களின் முந்தானையில் பிச்சையாகப் போட்டீர்கள். கொடுத்தவள் என்று நிமிர வேண்டியவளை வாங்கினவளாகக் குனிய வைத்தீர்கள். உப்பைத் தவிர ஒன்றுமில்லாத வீட்டில் மிச்சமிருந்த கடைசிச் சொத்து, கொடுக்கிற கை. அதைத்தான் பறித்தீர்கள். அதற்குத் துணியில் நீல எழுத்தில் ரசீதும் எழுதிக்கொண்டீர்கள்.

இந்தப் பதில் இன்று எனக்கு எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள். அன்று வரவில்லை.

நான் பேச்சைத் தொடங்கினேன். நடுவிலேயே வழங்கலும் தொடங்கியது. உரையின் உச்சத்தில் முதல் ஏழையை அழைப்பது என்று ஏற்பாடு. பட்டியலில் முதற்பெயர் மதினியுடையது. மிகவும் வறியவள் என்று அவள் பெயரை முதலில் போட வைத்தது, கூட்டத்தில் நான் செய்த வருணனை. அவள் படியேறி வந்தாள். சலவை மடிப்புக் குலையாத சேலை. அண்டா வைத்துப் பரிமாறுவதற்கென்று எடுத்து வைத்திருந்த சேலை. முதலாளி ஒருவர் மரக்கால் அளவையால் அள்ளினார். அவள் முந்தானையை ஏந்தியபடி அரிசியைப் பார்த்தாள். குனிந்து அந்த மிளகாய் வற்றலை இரண்டு விரலால் எடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏலே தம்பி, இது நம்ம தெரு அரிசிதான்லா.”

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கும் தலைவருக்கும் மட்டுமே கேட்டது. வாங்கிட்டு எறங்கும்மா, பின்னால ஆளு நிக்குல்லா என்று தலைவர் சொன்னார். அவள் இறங்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாய் திறந்து ‘ஆம்’ என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு சொல்லில் அந்தத் துணித்தட்டி சரிந்து விழுந்திருக்கும்.

மேடைப் பேச்சில் எங்களுக்குப் பழக்கப்படுத்தும் விதி ஒன்று உண்டு. சபையில் எந்தச் சலசலப்பு எழுந்தாலும் வாக்கியத்தை நடுவில் விடாதே. நான் அந்த விதியைக் காப்பாற்றினேன். கண்ணை அவளிடமிருந்து எடுத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனேன். விட்ட இடத்தில் வாக்கியத்தைப் பிடித்தேன். இருளில் நடக்கும் ஜனங்களுக்கு ஒளியேற்றிய நாலு உத்தமர்கள் என்றேன். நாலு பெயரையும் வரிசை தவறாமல் சொன்னேன். குரல் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். வரிசையில் என் தாயார் கை தட்டவில்லை. அவர்கள் கைகள் முந்தானையைப் பிடித்திருந்தன.

முதலாளிகள் மேல் எனக்குள்ள கோபம் எனக்குப் பழகிவிட்டது. அந்த வாக்கியத்தின் மேல் உள்ள கோபம் பழகவில்லை. அது இலக்கணச் சுத்தமான வாக்கியம்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் என் தோளில் கை போட்டுத் தம்முடைய வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். தலைவலி என்றேன். அங்கேயும் உண்மையைச் சொல்லவில்லை, பாருங்கள். நேரே தெருவுக்கு நடந்தேன். அவர்கள் என்னைத் திட்டட்டும், வாசலில் மண்ணை வாரித் தூற்றட்டும் என்று மனதை இறுக்கிக்கொண்டு போனேன். மதினியின் அடுப்பு பற்றியிராது, கவிழ்த்த அண்டாவின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன்.

தெருமுனையிலேயே புகை தெரிந்தது. பெண்கள் மண்டபத்திலிருந்து நேரே அவள் வாசலுக்குப் போய், முந்தானையில் வாங்கியதையெல்லாம் அண்டாவுக்குள் உதறியிருந்தார்கள். எவரும் எவரிடமும் கேட்கவில்லை என்று என் தாயார் பிறகு சொன்னார்கள். பங்கு முழுவதற்கும் பிரிந்து போனதால் எங்கள் தெரு கொடுத்ததில் பாதிதான் திரும்பி வந்திருந்தது. அண்டா அரைக்கு மேல் ஏறவில்லை. அதில் தண்ணீரைக் கூட்டிக் குழைய வடித்திருந்தார்கள். சாளைமீன் குழம்பு தனியாகக் கொதித்தது. மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அகப்பையோடு நின்றாள். இலை போட்டுத் தெரு நெடுக உட்கார்ந்திருந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு என்னை அறைந்தது. மண்டபத்தில் வார்த்தைக்கு வார்த்தை நான் தேடிக் கொடுக்க முடியாத மகிழ்ச்சி இங்கே, அரை அண்டாக் குழைந்த சோற்றில், எனக்குக் காத்திராமல் நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வலைக்காரர் வீட்டுச் சித்தி, “பிரசங்கியார் வாரார், ரெண்டு அகப்பையாப் போடுங்கட்டி. பாவம், தொண்ட வறண்டிருக்கும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் தாயார் மட்டும் தம் இலையையே பார்த்தார்கள்.

மதினி எனக்கு இலை போட்டாள். நான் உட்காரவில்லை. அங்கே நின்றபடியே மன்னிப்பைத் தொடங்கினேன். இன்று என் அறிவீனத்தால் இத்தெருவுக்கு நேர்ந்த இழிவு என்று ஏதோ ஆரம்பித்தேன். வாக்கியம் உருண்டு திரண்டு வந்தது. அவள் அகப்பையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

“அங்கன தொறக்காத வாய், இங்கன எதுக்குலே தொறக்கு? ஒக்காந்து தின்னு.”

உட்கார்ந்தேன். சோறு விழுந்தது. சிவப்பும் வெள்ளையும் நொய்யுமாகக் கலந்த சோறு. இலையின் ஓரத்தில் உப்பு வைத்தாள், கிண்ணத்தில் வைத்ததைப் போலவே நாலு கல். சொன்னபடி முதல் அகப்பை எனக்குக் கிடைக்கவில்லை. கடைசிக்குச் சற்று முந்திய அகப்பை அது.

கடைசி அகப்பை அவளுடையதாக இருந்திருக்க வேண்டும். பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அண்டாவுக்குள் அகப்பையை விட்டபோது அடியில் சுரண்டும் சத்தம் கேட்டது. தீய்ந்த பொருக்குத்தான் மிச்சம். சித்தி தன் இலையிலிருந்து எடுத்து வைக்க வந்தாள். மதினி இலையைக் கையால் மறைத்துக்கொண்டாள். இன்னைக்கு நான் வாங்க மாட்டேன் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு, பொருக்கைக் குழம்பில் நனைத்து, தன் புருஷனுக்குப் பாதி கொடுத்து, ருசித்துத் தின்றாள். நல்லாருக்கா என்று அவர் காதருகே கத்திக் கேட்டாள். அவர் அதைவிட உரக்க, நல்லாருக்கு என்றார். தெரு மறுபடி சிரித்தது.

மறுபாதி அண்டாவை நிரப்பியிருக்க வேண்டிய அந்த நாலு மூட்டை எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. அவள் கேட்காததால் நான் கேட்கிறேன், இன்றும் கேட்கிறேன்.

இலையை எடுத்து எறிந்துவிட்டு வந்து, குழாயடிக் கல்லின் மேல் ஏறாமல், தரையிலேயே நின்றேன். கையை உயர்த்தவில்லை. குரலைக் கூட்டவில்லை. குரல் நடுங்கியது, முதல்முறையாக அதை நடுங்க விட்டேன். அவர்கள் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்:

“மதினி, அங்கன நீங்க சொன்னத நான் கேட்டேன். கேட்டுட்டுத்தான் பேசுனேன். அந்த மண்டபத்துல எம் பேச்ச எத்தன பேரு கேட்டாவளோ, அதுக்குக் கொறையாத பேருக்கு முன்னால, இது யாரு அரிசின்னு இதே வாயால சொல்லுவேன். மேடை குடுக்காட்டி எழுதிச் சொல்லுவேன். அதுவரைக்கும் எந்த மேடையிலயும் ஏற மாட்டேன்.”